ஐந்நூற்று எண்பத்தேழு இழுப்பு

நெவில்: ...இன்னொரு தடவை படிக்கிறேன், கேளு. "பதினான்கு நாள் சோதனை. கருவி சிறியது. சட்டைப் பையில் அடங்குகிறது. சிகரெட்டை விட்டுவிட்டுப் புதிதாக வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு மாறுகிறவர்களுக்கு ஏற்றது."

கிளெனிஸ்: இது மூணாவது தடவைடா.

நெவில்: "ஒரு சார்ஜ் இரண்டு நாள் தாங்குகிறது. ஒரு சொட்டுத் திரவம்கூட ஒழுகவில்லை." இனிமேதான்க்கா முக்கியமானது. நேத்து நம்பர் எழுதாம விட்டிருந்தேன்ல, காலையில கடைசி கணக்கு எடுத்துட்டேன்.

கிளெனிஸ்: சீக்கிரம் படி. பதினோரு மணிக்குப் புகை நிறுத்த மையத்து ஃபன்மி வந்துடுவா.

நெவில்: "எண்ணிக்கைத் துல்லியம். நான் பென்சிலால் கோடு போட்டு எண்ணிய இழுப்புகள், ஐந்நூற்று எண்பத்தேழு. கருவியின் திரை காட்டுவது, ஐந்நூற்று எண்பத்தேழு. பிழை, பூஜ்யம்."

கிளெனிஸ்: அய்யய்யோ.

நெவில்: என்னக்கா?

கிளெனிஸ்: பின்னல்ல ஒரு கண்ணி நழுவிருச்சு. எவ்வளவுன்னு சொன்னே?

நெவில்: ஐநூத்தி எம்பத்தேழு.

கிளெனிஸ்: ரெண்டுலயுமா?

நெவில்: ரெண்டுலயும். அசந்துட்டே பாத்தியா.

கிளெனிஸ்: அசந்துதான் போனேன். ஒண்ணு ரெண்டு கூடக்குறைய இருக்காதா?

நெவில்: யாரைப் பாத்துக் கேக்குறே? முப்பத்தொரு வருஷம் எடை அளவு சரிபாத்தவன். இந்த ஃபிளீட்வுட் ஊர்ல, அளவு சரின்னு நான் கிரீடம் முத்திரை குத்தாத பீர் கிளாஸ் உண்டா?

கிளெனிஸ்: பீர் கிளாஸை விடு. டெஸ்மண்டோட கறிக்கடைத் தராசு ஞாபகம் இருக்கா?

நெவில்: ...ஆரம்பிச்சுட்டியா.

கிளெனிஸ்: பதினோரு கிராம் கூடக் காட்டுச்சு. எனக்கு மோதிரம் போட்ட மனுஷன். கட்டைவிரல் தெரியாமத் தட்டுல பட்டுடுச்சுன்னு கெஞ்சினான். நீ கேஸ் போட்டே. அதோட போச்சு என் கல்யாணம்.

நெவில்: பதினோரு கிராம் பதினோரு கிராம்தான்க்கா. தம்பிங்கறதுக்காக நான் பொய்யாக் கையெழுத்துப் போட முடியுமா?

கிளெனிஸ்: முடியாது முடியாது. உன்னால பொய்க் கையெழுத்து போடவே முடியாது. எங்க, அந்தத் தாளைக் காட்டு.

நெவில்: இந்தா. நாலு கோடு, குறுக்க ஒண்ணு. அஞ்சஞ்சாக் கட்டியிருக்கேன்.

கிளெனிஸ்: அழகா இருக்கு. பதினாலு நாளும் பென்சில் ஒரே கூரா இருந்திருக்கே.

நெவில்: அப்பப்ப சீவுவேன்.

கிளெனிஸ்: நீ இழுத்து நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லையேடா.

நெவில்: உன் முன்னாடி இழுக்கக் கூடாதுன்னுதான். நீ வேப்பும் இல்லாம, மாத்திரையும் இல்லாம, வெறும் வைராக்கியத்துல சிகரெட்டை விட்டவ. உனக்கு ஆசையைக் கிளப்பிவிடக் கூடாதில்ல?

கிளெனிஸ்: என்ன ஒரு கரிசனம். காலையில எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போறே, மத்தியானம் வர்றே. மிஷின் இந்த ரொட்டிப் பெட்டி மேலயேதானே கெடக்குது?

நெவில்: போறதுக்கு முன்னாடி இழுத்துட்டுப் போவேன். வந்ததும் இழுப்பேன். நீ என்ன, போலீஸ் மாதிரி?

கிளெனிஸ்: சும்மா கேட்டேன். மூட்டைக்கணக்கா புதினா மிட்டாய் சாப்பிடறியே, அதான்.

நெவில்: வாய் வறளுது. அது இருக்கட்டும், உன் மேல ஏன் கஸ்டர்ட் வாசனை?

கிளெனிஸ்: நேத்து புட்டிங் பண்ணேன்.

நெவில்: நேத்து நாம கடையில மீனும் சிப்ஸும் வாங்கித் தின்னோம்.

கிளெனிஸ்: முந்தாநாள் பண்ணேன். போர்வையை முடிக்கணும், பேசாம இரு.

நெவில்: அந்தப் போர்வையா? நான் ரிட்டையர் ஆனப்ப உனக்குக் குடுத்த, வரிசை எண்ணுற அந்தக் கருவியைக் கட்டைவிரலால அமுக்கிட்டே இருக்கே. நேத்து நான் குளிக்கும்போதுகூட சமையல்கட்டுல இருந்து டிக் டிக்னு கேட்டுச்சு. போர்வை என்னடான்னா பாப்பாவோட ஒரு காலை மூடக்கூட பத்தாது.

கிளெனிஸ்: பிரிச்சுப் பிரிச்சுப் போடறேன்டா. வரிசை சரியா வரவேணாமா?

நெவில்: ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடு. சிகரெட்டை விட்டாச்சுங்கற சீட்டு மட்டும் கைக்கு வந்துட்டா...

கிளெனிஸ்: உன் மக இமோஜென் நெசமாவே சீட்டைக் கேப்பாளா?

நெவில்: கேப்பா. "உங்க பேச்சு வேணாம்ப்பா, ஃபன்மி கையெழுத்து போட்ட சீட்டு வேணும். சிகரெட் வாடையோட பாப்பாவைத் தொடக்கூடாது"ன்னுட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது, நாலு தடவை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். மூணு வாரமா பேத்தியைப் போன்லதான் பாக்கறேன். கனம் எவ்வளவுன்னுகூட கைக்குத் தெரியலக்கா.

ஃபன்மி: கதவு தொறந்தே இருந்துச்சு. வரலாமா?

நெவில்: வாம்மா ஃபன்மி. நூலகத்துல இருக்கற உங்க மையத்துல இருந்து நடந்தா வந்தே? மழை வேற. உக்காரு, டீ போடறேன்.

ஃபன்மி: டீ அப்புறம் நெவில். அறிக்கை தயாரா? இந்த மாடலை வாங்கலாமா வேணாமான்னு இன்னிக்கு சாயங்காலம் முடிவு பண்றாங்க. சிகரெட்டை விட வந்தவங்க இருநூறு பேர் காத்திருக்காங்க.

நெவில்: பக்கத்து வீட்டு வில்ஃபும் அதுல ஒருத்தன்.

கிளெனிஸ்: பாவம், செவுத்துக்கு அந்தப் பக்கம் இருமுறது எனக்கு இங்க நெஞ்சு வலிக்குது.

ஃபன்மி: எண்ணிக்கைதான் எங்களுக்கு முக்கியம். எத்தனை இழுப்புன்னு பாத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொல்வோம். அது தப்பாக் காட்டினா எல்லாம் வீண்.

நெவில்: படிச்சுப் பாரு. நூத்துக்கு நூறு.

ஃபன்மி: பிழை பூஜ்யமா? நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல.

நெவில்: எண்ணினது யாரு?

கிளெனிஸ்: அதானே. எண்ணினது யாரு.

ஃபன்மி: ரொம்ப நன்றி நெவில். உங்க சீட்டையும் எழுதிடறேன். இந்தக் குழாய்ல ஒரு ஊது மட்டும்...

நெவில்: இன்னிக்கா? அது அடுத்த வாரம்னுல்ல நெனச்சேன்.

ஃபன்மி: ஊதாம எப்படிச் சீட்டு குடுக்கறது? பதினஞ்சு எண்ணுற வரைக்கும் மூச்சைப் பிடிங்க. அப்புறம் மெதுவா விடுங்க.

நெவில்: டீ குடிச்சுட்டு...

கிளெனிஸ்: ஊதுடா. ஊதினா என்ன கெட்டுப்போச்சு?

நெவில்: ...

ஃபன்மி: பதிமூணு... பதினாலு... ம், இப்ப விடுங்க. விட்டுட்டே இருங்க... போதும்.

நெவில்: எவ்வளவு?

ஃபன்மி: பத்தொம்பது.

நெவில்: அது நல்லதா?

ஃபன்மி: சிகரெட்டை விட்டவங்களுக்கு ஆறுக்குக் கீழ இருக்கணும் நெவில்.

நெவில்: இந்த மிஷினைக் கடைசியா எப்ப சரிபாத்தாங்க?

ஃபன்மி: போன வாரம். இதோ அடியில ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து.

நெவில்: யாரு கையெழுத்து இது? கோழி கிளறின மாதிரி இருக்கு. காலையில டிராம் ஸ்டாப்புல நின்னேன், அந்தப் புகையா இருக்கும்.

கிளெனிஸ்: டிராம் கரண்டுல ஓடுதுடா.

நெவில்: வில்ஃப் கொல்லையில கறி வாட்டினான்.

கிளெனிஸ்: மூணு நாளா அடைமழை.

நெவில்: நீ எந்தக் கட்சிக்கா? ஃபன்மி, ஒரே ஆளை வெச்சு ஒரு கருவியைச் சோதிக்கக் கூடாது. அதுதான் முறை. சுத்தமான மூச்சு ஒண்ணு வேணும். எங்கக்காவை ஊதச் சொல்லு. அவளுக்கும் ஏத்திக் காட்டுச்சுன்னா மிஷின் பழுது, முடிஞ்சுது.

கிளெனிஸ்: நானா? நான் எதுக்கு... எனக்கு அடுப்புல வேலை கெடக்குது.

நெவில்: அடுப்பே பத்த வைக்கலியே.

ஃபன்மி: பயப்படாதீங்க கிளெனிஸ். இது எரியற புகையை மட்டும்தான் காட்டும். வேப் இழுத்தாக்கூட ஒண்ணும் காட்டாது.

கிளெனிஸ்: ஒண்ணுமே காட்டாதா?

ஃபன்மி: ஒண்ணுமே.

கிளெனிஸ்: ...அப்ப குடு, ஊதறேன்.

நெவில்: நல்லா இழுத்துப் பிடிச்சு ஊது.

ஃபன்மி: பதினஞ்சு... விடுங்க. அடேயப்பா, நல்லாத் தம் கட்டுறீங்களே. ஒண்ணு. சுத்தமான மூச்சு.

நெவில்: ஒண்ணா?

ஃபன்மி: ஒண்ணு. மிஷின் சரியாத்தான் இருக்கு நெவில். நான் திட்ட வரல. தினமும் இதைத்தான் பாக்கறேன். எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.

நெவில்: தோட்டத்துக் கொட்டகையில. ஒரு நாளைக்கு ரெண்டு.

கிளெனிஸ்: நெவில்.

நெவில்: நாலு.

கிளெனிஸ்: டேய்.

நெவில்: எட்டு. போதுமா? எட்டு. விட்டுத்தான் பாத்தேன். கை அதுவா தீப்பெட்டிக்குப் போகுதுக்கா. அப்புறம் பாப்பா நெனப்பு வந்து, பாதியில கீழ போட்டு மிதிப்பேன். ஒரு மணி நேரத்துல இன்னொண்ணு. வெக்கமா இருக்கு, ஃபன்மி.

ஃபன்மி: சொன்னதே பெரிய விஷயம். ஆனா நெவில், இன்னிக்கு நான் சீட்டு குடுக்க முடியாது.

நெவில்: தெரியும்.

ஃபன்மி: இந்த அறிக்கையையும் எடுத்துக்க முடியாது. எட்டு சிகரெட்டை மறைச்சவர் எழுதின எண்ணிக்கையை நம்பி எப்படி இருநூறு பேருக்குக் குடுக்கறது? இந்த மாடல் வேணாம்னு சொல்லிடறேன். அடுத்ததைச் சோதிச்சு முடிக்க மூணு மாசம் ஆகும்.

நெவில்: சரி. கோடு போட்டு அடிச்சிடு.

கிளெனிஸ்: அடிக்காத.

ஃபன்மி: என்ன கிளெனிஸ்?

கிளெனிஸ்: வில்ஃப் மூணு மாசம் தாங்கமாட்டான். அந்த நம்பர் சரியான நம்பர்தான். இந்தா, இதைப் பாரு.

ஃபன்மி: இது போர்வைக்கு வரிசை எண்ணுறது தானே?

கிளெனிஸ்: போர்வை பதினாறு வரிசைதான் ஆயிருக்கு. இதுல என்ன காட்டுதுன்னு படி.

ஃபன்மி: ஐநூத்தி... எம்பத்தேழு.

நெவில்: என்னது?

கிளெனிஸ்: வைராக்கியமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இவன் அந்தப் பக்கம் போனதும் ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு இந்த வேப்பை இழுப்பேன். அளவு மீறக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமுக்கு. பதினாலு நாள்ல ஒரு சிகரெட் தொட்டதில்ல ஃபன்மி, அது சத்தியம். உன் மிஷின் ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல. தைரியமா எழுதிக்கோ.

ஃபன்மி: கஸ்டர்ட் வாசனை உள்ள வரும்போதே வந்துச்சு. நான் இவரோடதுன்னு நெனச்சேன்.

கிளெனிஸ்: ருபார்ப் கஸ்டர்ட் வாசனைத் திரவம். நல்லாத்தான் இருக்கு.

ஃபன்மி: அப்ப இருநூறு பேருக்கும் போய்ச் சேரும். கிளெனிஸ், உங்களுக்கு ஒரு சீட்டு எழுதறேன்.

கிளெனிஸ்: எழுது. ஞாயித்துக்கிழமை பாப்பாவை நான் தூக்கறேன். இவன் வாசல்ல நின்னு பாக்கட்டும். ...மூஞ்சியைத் தொங்கப் போடாதடா. நாளையில இருந்து இதை நீ இழு, நான் எண்ணுறேன். அடுத்த மாசம் நீயும் தூக்குவே.

ஃபன்மி: ஒண்ணு மட்டும் புரியல. மொத்தமும் கிளெனிஸோடதுன்னா... நெவில், நீங்க எத்தனை இழுத்தீங்க?

கிளெனிஸ்: சொல்லுடா. ரொட்டிப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பாக்கலேல்ல?

நெவில்: தொடவே இல்ல. நான் தொடாமலே தினமும் காலையில நம்பர் ஏறியிருந்துச்சு. சார்ஜ் தானா எறங்குச்சு, திரவம் தானா கொறஞ்சுது. எண்ணிக்கையும் பழுது, பேட்டரியும் பழுது, ஒழுகவும் செய்யுதுன்னு மொத நாளே முடிவு பண்ணிட்டேன். பழுதுன்னு எழுதினா, நீ இழுக்கவே இல்லியான்னு கேப்பீங்க. பாப்பாவைத் தூக்கணுமேன்னு திரையைப் பாத்துப் பாத்துக் கோடு போட்டேன். முப்பத்தொரு வருஷத்துல, கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சே நான் முத்திரை குத்தின கருவி இது ஒண்ணுதான்க்கா... அதுவும் சரியா இருந்து தொலைச்சிருக்கு.