இன்னும் வந்துகொண்டிருக்கும் படம்

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு முடியும்வரை எழுந்துபோக முடியாத இடத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, அவருக்கு அருகில், சற்று நேரத்தில் கேடயம் வாங்கப்போகும் மகிழ்ச்சியில் மலர்ந்திருக்கும் கணினிப் பிரிவு மேலாளர் அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, வேலை முடித்து நேரே இங்கு வந்து, வலிக்கும் கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்து உட்கார்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, பெரியோர்களே, பெற்றெடுத்துப் பேணி வளர்த்த தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

அழைப்பிதழில் என் பேருரைக்கு ‘வாழ்த்துரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது.

நான் கணினிப் பயிற்சிக் கூடத்தில் சி என்னும் நிரல்மொழி கற்பிப்பவள். போன வாரம் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், நம்ம புரோகிராம் ஓட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பிழைகூடப் பதிவாகல. நீங்க வந்து நாலு வார்த்தை பாராட்டிப் பேசணும்” என்றார். நாலு வார்த்தை பேசுவதற்குமுன் நாலு பக்கம் படிக்க வேண்டும் என்ற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்த புரோகிராமின் நிரலை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அவையோரே, பாராட்டப் போகும் நிரலைப் படித்துப் பார்ப்பவர்களும் உலகில் உண்டு என்பதை அந்த அப்பாவி மனிதர் எதிர்பார்க்கவில்லை.

அந்த நிரலின் வேலை என்ன? இந்த மருத்துவமனையின்கீழ் இயங்கும் சுற்றுவட்டாரச் சிறு மருத்துவ நிலையங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படங்களை எல்லாம், ஒரே நேரத்தில், இந்தப் பெரிய மருத்துவமனைக்கு வாங்கிக் கொடுப்பது. இங்கிருக்கும் நிபுணர் பார்த்து, அங்கிருக்கும் மருத்துவருக்கு வழி சொல்வார். வேலை உயர்ந்த வேலை. அதில் எனக்கு மறுப்பில்லை.

முன்பு எப்படி வாங்கினார்கள்? ஒரு நிலையத்தோடு பேசத் தொடங்கினால் அது முடியும்வரை அடுத்த நிலையம் காத்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் ஒரு மேசைக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை பக்கத்திலேயே நின்ற பரிமாறுபவர் போல. அப்புறம் அறிவு வந்தது. எப்படிப்பட்ட அறிவு? மேசைக்கு ஓர் ஆள் வைத்தார்கள். நூறு மேசைக்கு நூறு ஆள். ஆளோடு ஆள் மோதிக் கடையே நகர முடியாமல் நின்றது. “பெரிய மெஷின் வாங்குங்க” என்றார்கள். வாங்கினார்கள். இன்னும் அதிகம் பேர் மோதிக்கொண்டார்கள்.

அங்கே சிரிக்கிற டாக்டர், சிரியுங்கள். சற்று நேரத்தில் உங்கள் பிரிவுக்கும் வருகிறேன்.

மூன்றாவதாகத்தான் முறையான வழிக்கு வந்தார்கள். ஒரே ஆள். எந்த மேசையிலும் நிற்க மாட்டார். நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். எந்த இணைப்பில் அசைவு உண்டோ அங்கே ஓடுவார், வந்ததை வாங்குவார், உடனே நடுவுக்குத் திரும்புவார். நிகழ்வு நேர்ந்தால் நகர்வது, நேராவிட்டால் காத்திருப்பது. இத்தனை இணைப்புகளையும் இடித்துக்கொள்ளாமல் இயக்கும் இந்த முறை அழகான முறை. இதுவரைக்கும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். கைதட்டுங்கள். போதும், போதும், நிறுத்துங்கள். இனிமேல் கைதட்ட இடம் வராது.

ஏனென்றால் அசைவை மட்டுமே கேட்கும் காது ஆபத்தான காது. ஒரு நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது, இணைப்புப் பெட்டி அணைந்துவிட்டது என்று வையுங்கள். அது ‘நான் போகிறேன்’ என்று சொல்லிவிட்டா போகும்? பாதிப் படத்தை அனுப்பிவிட்டுப் பேச்சற்றுக் கிடக்கும். அசைவில்லை, ஆகவே நிகழ்வில்லை. நிகழ்வில்லை, ஆகவே நம் ஆள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. இதற்காகத்தான் இந்த முறையில் இரண்டாவது ஏற்பாடு ஒன்று கட்டாயம் வேண்டும்: கடிகாரம். யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், குறித்த நேரம் கடந்தால், ஓசை அடங்கிய இணைப்பைப் போய்ப் பார். செத்திருந்தால் செத்தது என்று பதிவு செய், மறுபடி வாங்கு.

நான் படித்த நிரலில் கடிகாரம் பார்ப்பதற்கென்றே ஒரு செயற்கூறு, அதாவது அந்த ஒரு வேலைக்கான தனிப் பகுதி, இருந்தது. கம்பீரமான பெயர். முறையான தலைப்பு. அடைப்புக்குறி திறந்திருந்தது, அடைப்புக்குறி மூடியிருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி. பூஜ்யத்தைத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். பூஜ்யம் திரும்பினால் அந்த நிரலில் என்ன பொருள் தெரியுமா? எல்லாம் நலம் என்று பொருள். எதையும் பார்க்காமல், எதையும் கேட்காமல், எல்லாம் நலம்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, உங்கள் நிரல் பார்க்காததை நீங்களாவது பாருங்கள்.

கணினிப் பிரிவுக்கு நேரில் போய்க் கேட்டேன். “பிற்பாடு எழுதிக்கலாம்னு விட்டோம் மேடம். டெஸ்ட் பண்ணப்போ எல்லாம் நல்லாத்தானே ஓடிச்சு” என்றார்கள். எப்படிச் சோதித்தார்கள்? ஒரே அறையில், ஒரே மேசையில், அறுந்துபோகாத வயரில். அங்கே அசைவுக்கு என்ன பஞ்சம்?

பேசிக்கொண்டே அவர்கள் திரையைப் பார்த்தேன். வரிசையாகப் படங்களின் நிலவரம். ‘பெறப்பட்டது’, ‘பெறப்பட்டது’, ‘பெறப்பட்டது’. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு வரி மட்டும் ‘பெறப்படுகிறது’. தேதி பார்த்தேன். மழைக்காலத்துத் தேதி. இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. “என்னங்க இது?” என்றேன். “அது அப்படித்தான் மேடம் இருக்கும். எங்களுக்குப் பழகிடுச்சு” என்றார்கள்.

பழகிவிட்டதாம்.

அந்த நிலையத்துக்கு நானே தொலைபேசினேன். எக்ஸ்ரே எடுப்பவரைக் கேட்டேன். “அந்த அக்கா இப்ப வேலையில இல்லீங்க. நிறுத்தி வச்சிருக்காங்க” என்றது ஒரு குரல். ஏன்? அங்கே ஏணியிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன் ஒருவரின் மணிக்கட்டுப் படத்தை அந்த அம்மா அனுப்பவே இல்லையாம். இங்கே நடந்த விசாரணையில் அப்படித்தான் முடிவு செய்தார்களாம்.

அந்த அம்மாவையே தேடிப் பிடித்துக் கேட்டேன். அனுப்பாதவரா அவர்? படத்தை அனுப்பத் தொடங்கிப் பாதியில் மின்சாரம் போனது. வந்ததும் மறுபடி அனுப்பினார். ‘இந்தப் படம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது’ என்று உங்கள் நிரல் வாங்க மறுத்தது. இந்த மருத்துவமனைக்குத் தொலைபேசினார். “சார், படம் வந்துச்சா?” “வந்துக்கிட்டு இருக்கும்மா.” மறுபடியும் அழைத்தார். “சார், கை வீங்கிக்கிட்டே போகுது. பெரிய டாக்டர் பார்த்துட்டாரா?” பதில் என்ன தெரியுமா? “அதான் வந்துக்கிட்டு இருக்குன்னு சொன்னேன்ல. சும்மா சும்மா போன் பண்ணாதீங்க.”

வருகிறது என்று நம்பிக் காத்திருந்தார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அந்த மனிதரால் இன்று ஒரு ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. விசாரணையில் என்ன சொன்னீர்கள்? கணினியில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை, ஆகவே கணினியில் குறையில்லை, ஆகவே குறை அந்த அம்மாவிடம். ஆகா, என்ன ஆராய்ச்சி, என்ன ஆற்றல். பார்க்காதவனிடம் சாட்சி கேட்டீர்கள். ‘நான் ஒன்றும் பார்க்கவில்லை’ என்றான். ‘அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லை’ என்று தீர்ப்பெழுதினீர்கள். சிரித்த டாக்டர் ஐயா, அந்தத் தீர்ப்பின் அடியில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

இந்த விழாவுக்காகத் திரை சுத்தமாகத் தெரிய வேண்டும், நிரலை ஒருமுறை அணைத்து ஏற்றிவிடலாம் என்று நேற்று ஏற்பாடு செய்தார்கள். அணைத்தால் அந்த ஒரு வரியும் போய்விடும், அதோடு அந்த அம்மாவின் நியாயமும் போய்விடும். அணைக்கக் கூடாது என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நிரலுக்குள் சிக்கிக் கிடந்த பாதிப் படத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். இதோ, உங்கள் பெருமையைக் காட்ட நீங்களே மாட்டிய பெரிய திரையில் போடச் சொல்கிறேன். போடுங்கள் தம்பி.

பாருங்கள். மேலே அந்த நிலையத்தின் பெயர். நோயாளியின் பெயர். நாள், நேரம். கீழே ஐந்து விரல்கள், உள்ளங்கை. மணிக்கட்டுக்குச் சற்று முன்னால் படம் அறுந்து வெறும் கருப்பு. அனுப்பாத படத்தில் விரல் எப்படி ஐயா வந்தது? காற்றிலா வந்தது? அவையில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் “அடப்பாவிகளா” என்கிறார். நான் சொல்லவில்லை, நாகரிகம் கருதி அடக்கிக்கொண்டேன். நீங்கள் சொன்னதற்கு நன்றி தாயே.

அந்த எக்ஸ்ரே எடுக்கும் அம்மா இந்த அரங்கில்தான் இருக்கிறார். நான்தான் வரச்சொன்னேன். இயக்குநர் அவர்களே, கேடயம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் பாதி கேடயம் கொடுங்கள், மீதி வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள், மேலாளருக்குப் பழகியதுதான். ஆனால் அந்தப் பணிநிறுத்த உத்தரவுக்கு இப்போதே, இந்த மேடையிலேயே பதில் வேண்டும்.

இயக்குநர் பேசுகிறார், அமைதி, அமைதி. “நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடலாம்மா, நீங்க நிகழ்ச்சியை முடிங்க” என்கிறார். நல்லது ஐயா.

இருங்கள். அந்த அம்மா எழுந்து நிற்கிறார். ஒலிவாங்கி அவ்வளவு தூரம் எட்டாது, அவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன். “வேலைக்கு வரேன் சார். அந்த எலக்ட்ரீஷியன் எங்க தெருதான். என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிறார். நான் அனுப்பினேன்னு நீங்க வந்து அவர்கிட்ட சொல்லணும்.”

இயக்குநர் ஐயா, என்ன சொல்கிறீர்கள்?

தலையசைத்தால் போதாது, அந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.

“வரேம்மா” என்கிறார். கேட்டதா அம்மா? உட்காராதீர்கள், இயக்குநர் எழுந்துவிட்டார். விழா எங்கும் ஓடிவிடாது, முதலில் இரண்டு பேரும் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். நடுவில் நாற்காலிகளை நகர்த்தி வழிவிடுங்கள் சகோதரிகளே. அழைத்தவர்களுக்கும், பொறுத்துக்கொண்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் நெளிந்தவர்களுக்கும் நன்றி. வணக்கம்.