பக்கத்து சீட்டுல ஆள் இருந்தாத்தான்

சிரிச்சா தம்பி. பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து, கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. என் சம்சாரத்த நான் உசுரோட கடைசியாப் பாத்தது அப்படித்தான். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா, இந்த வண்டியிலதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவ எறங்கின நிமிஷம் வண்டி நின்னுபோச்சு. பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன அமுக்கறான், கண்டக்டர் எறங்கி வந்து என் பரம்பரையவே விசாரிக்கறாரு, நான் சாவியத் திருகறேன், திருகறேன்... அவ அங்கேருந்து சிரிக்கறா. போன எடத்துல நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவதான், எந்திரிக்கல.

பேக்க மடியில வச்சுக்குங்க. கதவ இன்னும் ஓங்கி அடிங்க, ம், அப்படித்தான். மாடிக்குக் குடிவந்து நாலு நாள்தானே ஆச்சு, போகப் போகப் பழகிடும். லேட்டெல்லாம் ஆகாது. பேக்கரில முட்டைய எறக்கின கையோட உங்க ஆபீஸ் வாசல்ல விட்டுடறேன். நான் எப்படித் திரும்புவேன்னா? எவனாவது பாவம் பாத்து ஏறுவான், விடுங்க.

கொஞ்சம் அழுத்தி உக்காருங்க. ஒல்லியா வேற இருக்கீங்க. சீட்டுக்கடியில ஒரு பட்டன் இருக்கு. காலிங்பெல் பட்டன்தான். ஆள் உக்காந்து அது அமுங்கினாத்தான் டேங்குல இருக்கற மோட்டாருக்குக் கரண்ட் போகும். இல்லேன்னா சொட்டு பெட்ரோல் ஏறாது. எந்தப் புண்ணியவான் பண்ண வேலைன்னு பாக்கறீங்களா? உங்க பக்கத்துலதான் ஓட்டிக்கிட்டு இருக்கான்.

எதிர் வரிசையில ஒரு கார்பெண்டர் இருந்தாரு. அவரோட பிக்கப்பு காணாமப் போச்சு. விடிஞ்சு பாத்தா வண்டி நின்ன எடத்துல ஆயில் கறை மட்டும். அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கடையில விக்கற அலாரத்த வாங்கி மாட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பழைய ரேடியோவப் பிரிச்சுப் பாத்தே தொழில் கத்துக்கிட்டவன்... அந்த ரேடியோ இன்னும் பாடல, அது வேற விஷயம்.

என்ன யோசிச்சேன்னா... திருடன் தனியா வருவான். நாங்க எப்பவும் ரெண்டு பேரு. கடைக்குக் கடை நான் எறங்கி ட்ரேயத் தூக்கிட்டுப் போவேன், அவ சீட்ட விட்டு அசைய மாட்டா. மெல்லப் போங்க, பின்னால முட்டை, மெல்லப் போங்க, பின்னால முட்டைன்னு வழி பூரா ஒரே பாட்டு. அப்ப பக்கத்துல ஆள் இல்லேன்னா ஓட்டறவன் நம்மாளு இல்லேன்னு வண்டிக்கே தெரியணும். எப்படி மூளை? மாட்டி முடிச்சுட்டு அவகிட்ட பெருமையாச் சொன்னேன். காய நறுக்கிக்கிட்டே, "ரெண்டு திருடன் வந்தா?"ன்னா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

சரி, நாளைக்கு நான் இல்லேன்னா என்ன பண்ணுவீங்கன்னு அவ கேக்கல. எனக்கும் தோணல. ரெண்டு பேருக்குமே தோணல, பாருங்க.

இதுல இன்னொரு கெட்டிக்காரத்தனம் வேற. திருடன் வயர அறுத்து ஒட்டிடக் கூடாதுன்னு, நான் இழுத்தது அத்தனையும் கறுப்பு வயர். ரெண்டுதான் வேலை செய்யும், மிச்சமெல்லாம் சும்மா சுத்தி வரும், எங்கேயும் போகாது. ஜாயிண்டு மேல பசைய ஊத்திக் கல்லாக்கிட்டேன். அவ காரியமெல்லாம் முடிஞ்சு, பட்டனக் கழட்டிட்டுத் தனியா வண்டிய எடுக்கலாம்னு வந்தா... எது எந்த வயருன்னு எனக்கே தெரியல. டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு டேஷ்போர்டுக்கடியில மல்லாக்கப் படுத்துக் கெடந்தேன். அன்னிக்கு ஒரு திருடன் வந்திருந்தான்னு வைங்க, வாங்க வாங்கன்னு ஏத்தி உக்கார வச்சிருப்பேன்.

மொதல்ல நம்ம தெரு தையக்காரர்தான் கூட வந்தாரு. தங்கமான மனுஷன். ஆனா உக்காந்ததும் தூங்கிடுவாரு, தலை வந்து என் தோள்ல விழும். கியர் போடறதா, அவரத் தாங்கறதா? அப்புறம் அவரு மச்சான். அவருக்கு முட்டை வாடை ஆகாது. இப்ப நான் சாவியக் கையில எடுத்தாலே தெருவுல வரிசையாக் கதவு சாத்தற சத்தம் கேக்குது.

மூட்டையா? எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. வச்சேனே, மணல் மூட்டை. ஜம்முனு ஓடுச்சு. வளைவுல சாயுதேன்னு பெல்ட்டப் போட்டு விட்டேன். அப்புறம் வெயில் படுதேன்னு ஜன்னல்ல துண்டத் தொங்க விட்டேன். ஒருநாள் டிராபிக் போலீஸ்காரர் எட்டிப் பாத்து, "யாருய்யா இது?"ன்னாரு. "வீட்டுக்காரிக்குப் பதிலா சார்"னுட்டேன். வாய் தவறி வந்துடுச்சு. மனுஷன் ஃபைன்கூடப் போடல, போன்னு கையக் காட்டிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வெக்கம்... அன்னிக்கே மூட்டைய எறக்கிட்டேன்.

மெல்லத்தான் போறேன். அவசரக்காரன் முந்திப் போகட்டும். பேக்கரிக்காரர் ஒருத்தர்தான் மிச்சம். மத்தவங்கெல்லாம் நான் நேரத்துக்கு வர்றதில்லேன்னு வேற ஆளப் பாத்துக்கிட்டாங்க. இன்னிக்கும் முட்டை வரலேன்னா இவரும் வேற எடத்துல எடுத்துக்கறாராம். அதான் உங்கள மாடிப்படியிலயே மறிச்சேன்.

தம்பி, ஒரு தடவ... மெல்லப் போங்கன்னு சொல்றீங்களா? சும்மாதான். இல்ல இல்ல, விடுங்க.

என்ன, திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? உங்க ஆபீஸா அது? தாண்டிட்டோம்தான், நான்தான் சொன்னேனே, பேக்கரி முடிச்சு... இருங்க, சிக்னல்ல கதவத் தொறக்காதீங்க. எறங்கினா வண்டி நின்னுடும். நடு ரோட்டுல மாட்டிக்குவேன் தம்பி. தம்பி...

எறங்கிட்டீங்க.

ஏன் அப்படியே நிக்கறீங்க, ஓரமாப் போங்க. ஆமா, இஞ்சின் ஓடுதுதான். உங்களுக்கும் கேக்குதுல்ல. போன வாரம் எலெக்ட்ரீசியன் வந்தாரு. என் கறுப்பு வயர் எதையும் தொடவே இல்ல, பட்டன விட்டுட்டுப் புதுசா ஒரு வயர நேரா இழுத்துட்டாரு. குடுத்த டீ ஆறல, அதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு. இனிமே நீங்க தனியாவே எங்க வேணா போலாம்னாரு. தெருவே நின்னு பாத்துச்சு. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாள் தனியா ஏறினேன். ஒரே திருகல்ல ஸ்டார்ட் ஆச்சு. கேட்டு வரைக்கும் போயி, ஆஃப் பண்ணிட்டு எறங்கிட்டேன். அன்னிக்கு முட்டை போகல. மறுநாளும் போகல. பேக்கரிக்காரருக்கு அந்தக் கோவம்தான்.

போங்க, உங்களுக்கு லேட்டாகுது. கதவ மட்டும் சாத்திட்டு... சரி, நானே எக்கிச் சாத்திக்கறேன்.

பச்ச விழுந்துடுச்சு. பின்னால ஆரன் அடிக்கறாங்க. பேக்கரிக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கு.