ரெண்டாம் மாசத்து ரத்தம்

— மெல்லப் பேசுங்க மிஸ்ஸி. செவுரு கூரை வரைக்கும் இல்ல. பக்கத்துக் காம்பராவுல தும்முனாலே இங்க கேக்கும்.

— சரி, மெல்லச் சொல்லுறன். ராகலையில பஸ்ஸால இறங்கி இந்தத் தேயிலைத் தோட்டத்து மேடு ஏறி வந்தது சும்மா இல்லை, நாகலெட்சுமி. பிள்ளையை ஏன் கிளினிக்குக்குக் கொண்டு வரேல்லை?

— கொண்டாந்து என்னாங்க செய்ய? திரும்பவும் அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்தவா? அதான் ரெண்டாம் மாசமே ரத்தத்தப் பாத்துட்டு, ‘லமயாடத் தியனவா’ன்னு சிங்களத்துல அந்த ஆஸ்பத்திரி ஐயா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரே, புள்ளைக்கும் இருக்குன்னு. அவுங்கப்பா கொழும்புலருந்து கொண்டாந்த சீக்கு அவரக் கொண்டு போயிருச்சு. இனி நாங்க ரெண்டு பேருதான். போங்க மிஸ்ஸி.

— இஞ்ச பாரும், அவர் சொன்னது பிழை.

— பிழையா?

— இஞ்ச பாரும். எச்.ஐ.வி. கிருமி உம்மட உடம்பில இருக்கு. அதோட சண்டை பிடிக்க உம்மட ரத்தம் எதிர்ப்பொருள் எண்டு ஒண்டைச் செய்யுது. வயித்தில இருக்கேக்க அது பிள்ளைக்கும் போகும். கிருமி போகாட்டிலும் இது போகும். அந்தச் சோதனை இதைத்தான் பிடிச்சது. கிருமியை இல்லை.

— அப்ப அவன் ஒடம்புல இருந்தது என்னோடதா?

— உம்மடைதான். தாய் குடுத்தது. ஒண்டரை வயசுக்கிடையில கரைஞ்சு போயிடும். இந்தச் சோதனையை அதுக்குப் பிறகு செய்தால்தான் சரியாத் தெரியும்.

— என்னைய ஆறுதல் படுத்தத்தானே சொல்றீங்க?

— ஆறுதல் சொல்ல இந்த மழைக்குள்ள வருவனே? பிள்ளை பிறக்கேக்க ரெண்டு பேருக்கும் மருந்து தந்தனாங்கள். அப்பிடிக் குடுத்தால் கனபிள்ளையளுக்குத் தொத்தாது.

— சாமி... அப்ப எம்புள்ள பொழைச்சுக்குமா? பள்ளிக்கொடம் போவானா மிஸ்ஸி? இந்தத் தீவாளிக்கு அவனுக்கு ஒரு சட்டகூட எடுக்கலைங்க. போற புள்ளைக்கு எதுக்குன்னு இருந்துட்டேன், பாவி.

— அழாதையும். இனி எடும். நாங்கள் சொன்னபடி பால்மா மட்டும் குடுத்திருந்தால் பயப்பட ஒண்டுமில்லை.

— பால்மாவா?

— ஓம். தாய்ப்பாலுக்குள்ளாலயும் கிருமி போகும் எண்டு சொன்னனானெல்லே? நாகலெட்சுமி? போத்தல் எங்க?

— அதான் இருக்குன்னாரே மிஸ்ஸி... இருக்குற புள்ளைக்கு எதுக்குப் போத்தலு? கொழுந்தெடுக்குறவளுக எல்லாம் வேல நேரத்துல புள்ளைகள வுட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவுக்கு ஓடியாந்து மாரு குடுப்பாளுக. நான் மட்டும் போத்தலோட நிப்பேன். ஏன்டி, என்னாடின்னு தொளச்சு எடுப்பாளுக. நான் பால பீச்சிப் பீச்சி மண்ணுல ஊத்திக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும், சாவப்போற புள்ள ஆச தீரக் குடிச்சிட்டுப் போவட்டும்னு மாருல போட்டேன். அப்பதாங்க மொதமொதல்ல என் மொகத்தப் பாத்துச் சிரிச்சான்.

— ஐயோ, பிள்ளை... எப்ப நிப்பாட்டினீர்?

— நீங்க வாசப்படி ஏறி வரையில குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.