நாளைய தீர்மானமும் நம் ஆர்கன் அம்மாவும்

மேடையில் வீற்றிருக்கும் அரங்க நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, சேர்ந்திசைக் குழுவின் அருமைத் தோழர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகனே, மருமகளே, இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன், வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மேடையில் சேர்ந்திசைக் குழுவை நடத்தியவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் என் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் யார்? இந்த அரங்கத்தின் குழாய் ஆர்கனை வாசித்துவந்த, இன்று நாம் அஞ்சலி செலுத்தும் நம் இசைப்பேரரசி ஆர்கன் அம்மா! பட்டம் நாம் கொடுத்தது. அவர் அதை ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.

முதல் ஒத்திகையிலேயே சண்டை. "என் கை இறங்குறதுக்கு முன்னாடியே உங்க விரல் இறங்குதே, ஏன் முந்துறீங்க?" என்று கேட்டேன். "நான் முந்தலை சார். குழாயெல்லாம் மேடைக்குப் பின்னாடி அந்தக் கோடிச் சுவர்ல இருக்கு. சத்தம் அங்கேயிருந்து நடந்து வர வேண்டாமா?" என்றார். நான் விடுவேனா? கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டேன். பாட்டும் ஆர்கனும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாம். வீம்பு, வேறென்ன!

ஆண்டு விழா நாளை மறக்க முடியுமா? அரங்கம் நிறைந்திருக்கிறது. நாற்பது பேர் பாடத் தயாராக நிற்கிறோம். அம்மா ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்தார். ஒலி நிற்கவில்லை! உள்ளே எதுவோ சிக்கி, ஒரு தடித்த குழாய் ஊதிக்கொண்டே இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அம்மாவோ கோணல் கூடத்திலும் ஆடிக் காட்டுகிறவர். ஓயாத அந்த ஒலியையே ஆதார சுருதியாக வைத்துக்கொண்டு, நாங்கள் ஒத்திகை பார்த்த சுருதியையே மாற்றி வாசிக்கத் தொடங்கிவிட்டார். நாங்களும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பாடினோம். முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். "அடியில ஒண்ணு விடாம ஒலிச்சுதே, அதுதாங்க உயிர்! அடுத்த வருஷமும் அதை வைங்க" என்றார். "வைக்கிறோம் ஐயா" என்று கூசாமல் சொன்னவர் அம்மா.

அப்படிப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன்? இதை இந்தச் சபையில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சென்ற ஆண்டு அவருடைய இதயம் பலவீனமாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். அடுத்த கூட்டத்திலேயே நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அம்மாவின் காலத்துக்குப் பின் இந்த ஆர்கனைப் பிரித்தெடுத்துவிடலாம், வாசிக்க ஆள் இல்லாத கருவி எதற்கு, அந்த இடத்தில் நாற்காலி போடலாம் என்று! அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கோபப்பட்டாரா? இல்லை. "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். கிடப்பில் இருந்த அந்தத் தீர்மானம், அவர் மறைந்ததும் நாளைக் காலை வாக்கெடுப்புக்கு வருகிறது.

போன வாரம் மருத்துவமனைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரம்மா காலையில வாக்கிங் போறதே இல்லை" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்பர்களே! என் மனைவிக்குச் சர்க்கரை நோய். பதினொரு மாதமாகத் தினமும் ஆறு மணிக்கு நடக்கப் போகிறேன் என்று கிளம்புவாள். சர்க்கரை குறையவே இல்லை. இவ்வளவு நடந்தும் குறையவில்லையே என்று மருத்துவரோடு சண்டை போட்டவன் நான்! அவள் வந்தது இங்கே. ஆர்கன் கற்றுக்கொள்ள! கூடவே ஒரு பேருந்து ஓட்டுநர். ஆர்கனின் கால்கட்டைகளை மிதிக்க அவருக்குச் சொல்லித்தரவே வேண்டாம் என்பாராம் அம்மா. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. "உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் பத்தாது சார். அதான் ஆளைத் தயார் பண்ணினேன்" என்றார் அம்மா. நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

பாடம் பாதியில் நிற்கிறது, உண்மை. ஆனால் அதற்கும் அம்மா ஏற்பாடு செய்துவிட்டார். படுக்கையிலிருந்தே கடிதம் எழுதி, வெளியூர் ஆர்கன் கலைஞர் ஒருவரை மாதம் இருமுறை வந்து சொல்லித்தரச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

தலைவர் அவர்களே! நான் கொண்டுவந்த தீர்மானத்தை நானே, இந்த நிமிடமே, திரும்பப் பெறுகிறேன். இனி ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு இந்த அரங்கத்தின் கதவை நான் திறந்து வைப்பேன். கற்க விரும்பும் யாரும் வரலாம், எந்த வயதிலும் வரலாம். இது ஆர்கன் அம்மா மீது ஆணை!

என் மனைவி மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். முழுதாக வாசிக்க அவளுக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும். அதை இப்போது அம்மாவுக்காக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "வாசிக்கிறேன். ஆனா நீங்க கையை ஆட்டக்கூடாது" என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

எல்லோரும் எழுந்து நிற்போம். இதோ, நான் கையைக் கட்டிக்கொண்டேன். போய் உக்காரும்மா. வாசி.