எண்பதுக்கு மேல

இல்லீங்க தம்பி, வெளிச்சத்தைக் குறைங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இதுக்கு மேல குறைச்சா நான் தடவித்தான் படிக்கணும். பாருங்க, இந்த லேப்டாப் ஸ்கிரீன்ல ஏதாவது தெரியுதா உங்களுக்கு? எனக்குத் தெரியுது. பட்டப்பகல்ல கர்ட்டனை இழுத்து விட்டுட்டு இருட்டு ரூம்ல உக்காந்துக்குவேன், பழகிடுச்சு.

வை-ஃபையா? வேலையை இறக்கிக்கிட்ட உடனே அணைச்சிடுவேன், திருப்பி அனுப்பறப்பதான் போடறது. கீபோர்டுக்கு அடியில ஒரு லைட்டு எரியுமே, அதை முதல் வேலையா அணைச்சாச்சு. புளூடூத்தும் போச்சு. நமக்குத் தெரியாம பின்னாடி ஓடற ஆப் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டேன். மெத்தை மேல வைக்கறதில்ல, சூடானா சார்ஜைக் குடிச்சுடும்னு எனக்கும் தெரியும். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இதை வச்சுக்கிட்டிருக்கேன். எனக்கே பாடம் எடுக்காதீங்க.

கோவிச்சுக்காதீங்க. என் பேச்சே அப்படித்தான்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. புது லேப்டாப்பு. வந்த புதுசுல சார்ஜ் நூறு வரைக்கும் ஏறுச்சு. போன வாரத்துலேருந்து எண்பதுக்கு மேல நகர மாட்டேங்குது. இப்ப உங்க கடைச் சார்ஜர்லதானே சொருகியிருக்கீங்க? உங்க கண்ணு முன்னாடியே எண்பதுல சப்பணம் போட்டு உக்காந்திருக்கு பாருங்க.

என்னது, சார்ஜர் மாத்தணுமா? போன மாசம்தானே உங்ககிட்ட ரெண்டாவதா ஒண்ணு வாங்கிட்டுப் போனேன், மறந்துட்டீங்களா? அது நல்லாத்தான் இருக்கு. ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. இல்ல, கொண்டு வரலை. வரலைன்னா வரலை, விடுங்களேன்.

என் வேலையா? வாத்தியாருங்க பாடம் நடத்தற வீடியோ இருக்கில்ல, காது கேக்காத பிள்ளைங்க படிக்கறதுக்காக அதுக்குக் கீழ எழுத்து ஓடும். அந்த எழுத்தைக் கேட்டுக் கேட்டு அடிக்கறது நான்தான். ஒரு கணக்கு வாத்தியார் இருக்காரு, வாய்க்குள்ளயே பேசுவாரு. அவர் பொண்டாட்டிக்கே புரியாதது எனக்குப் புரியும். இப்ப வீடியோவுக்கு இவ்வளவுன்னு தர்றாங்க. நாளைக்குக் காலையில நிரந்தர வேலைக்குப் பரீட்சை. தேறிட்டா ஆபீஸுக்கே வந்துடச் சொல்றாங்க. அந்த ஆபீஸ் போட்டோகூட அனுப்பியிருந்தாங்க. வரிசையா மேஜை, ஒவ்வொரு மேஜைக்கும் கீழ ஒரு ப்ளக் பாயிண்ட். நான் முதல்ல பாத்தது அதைத்தான். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

பரீட்சை வீட்டுலதான். கதவைச் சாத்திக்கிட்டு தனியா உக்காரணும், வேற ஆள் குரலே கேக்கக் கூடாது. உங்க கடையில எழுதலாம்தான், அந்த ஸ்குரூ மெஷின் சத்தத்துல என்னத்தைக் கேட்டு என்னத்தை அடிக்கறது? காலையில ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் கேமரா ஓடிக்கிட்டே இருக்கணும். வை-ஃபை அணையக் கூடாது. வெளிச்சத்தையும் ஏத்தணுமாம், மூஞ்சி தெரியணுமாம். நான் பாத்துப் பாத்து மூடி வச்ச குழாயை எல்லாம் ஒரே நேரத்துல திறந்து விடச் சொல்றாங்க. நடுவுல அணைஞ்சுதுன்னா அத்தோட சரி. போன தடவை அப்படித்தான் போச்சு. கடைசி வீடியோ தம்பி, பாதி அடிச்சிட்டேன், டப்புன்னு இருட்டு. கறுப்பு ஸ்கிரீன்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. நான் அழலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு மறுபடியும் எழுதிப் போட்டேன், இன்னொரு தடவை குடுங்கன்னு. குடுத்திருக்காங்க. மூணாவது கிடையாதாம்.

சுவத்துல சொருகிட்டே எழுத வேண்டியதுதானேங்கறீங்க. சரிதான். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. நீங்க முதல்ல இதைப் பாருங்க.

என்ன சொன்னீங்க? பேட்டரி பழுது இல்லையா? செட்டிங்கா? எண்பது வந்தா நிறுத்திடுன்னு யாரோ வச்சிருக்காங்களா? எங்க, திருப்புங்க இந்தப் பக்கம்.

நான் வைக்கலை. இப்படி ஒரு பக்கம் இருக்கறதே எனக்குத் தெரியாது.

ம்.

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். நல்லாத்தான் இருக்கேன். அப்படி நிறுத்தினா பேட்டரிக்கு நல்லதா? வருஷக்கணக்கா உழைக்குமா? இது வருஷக்கணக்கா உழைக்க வேணாம் தம்பி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உழைச்சா போதும் எனக்கு. எடுத்து விடுங்க அதை.

எண்பத்தொண்ணு! ஏறுதே! நான் ஒரு வாரமா இதைத் திட்டாத திட்டு இல்ல. பாவம், இது மேல தப்பே இல்ல.

வீட்டுக்காரர்தான், வேற யாரு? இதை வாங்கிக் குடுத்ததும் அவர்தான். ஊரெல்லாம் சொல்லியாச்சு, பொண்டாட்டிக்குப் புது லேப்டாப் வாங்கிக் குடுத்திருக்கேன்னு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் தங்கமான மனுஷன். என்கிட்டயும் குரலை உசத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, அதையும் சொல்லணுமில்ல. தினமும் ராத்திரி அவர் கையாலயே சார்ஜ் போடுவாரு. காலையில ரொப்பி வச்சிட்டேம்மான்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு. போன பரீட்சை அன்னைக்கு சாயந்தரம் வந்து, அடடா, சார்ஜ் தீந்துடுச்சான்னு தலையை வேற தடவிக் குடுத்தாரு.

அதுக்கப்புறம்தான் இந்த வித்தையெல்லாம் கத்துக்கிட்டேன். முன்னெல்லாம் மத்தியானமே படுத்துடும். கொஞ்சம் கொஞ்சமா இழுத்தேன், மூணு மணி, நாலு மணின்னு. போன வாரம் ஒரு நாள் அவர் ஆபீஸ்லேருந்து வந்து கதவைத் திறக்கறாரு, நான் இன்னும் அடிச்சிக்கிட்டிருக்கேன். கிட்ட வந்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எட்டிப் பாத்தாரு. பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்னாரு. சிரிச்ச முகமாத்தான் சொன்னாரு. மறுநாள்லேருந்து எண்பது. இப்பத்தான் எனக்கு உறைக்குது.

ஐயய்யே, அதை ஏன் கழட்டறீங்க? கடைச் சார்ஜரை எனக்குக் குடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? வேணாம் தம்பி, நல்லாயிருங்க. மூணாவது ஒண்ணு வந்தா அதுவும் அந்தப் பைக்குள்ளதான் போகும்.

அவர் ஆபீஸ் பைதான். தினமும் காலையில ரெண்டு சார்ஜரையும் அதுல போட்டு எடுத்துட்டுப் போயிடுவாரு. ஒரே இடத்துல இருந்தா தொலையாதாம். சார்ஜ் இருக்கற வரைக்கும் தாராளமா வேலை பாரு, யாரு வேணாம்னு சொன்னாங்கன்னு கேக்கறாரு.

ஒளிச்சு வைக்கலாம், ஏன் வைக்க முடியாது? ஆனா என் வீட்டுல, என் வேலைக்கு, நான் எதுக்குத் திருடி மாதிரி ஒரு ஒயரை அரிசி டப்பாவுல ஒளிச்சு வைக்கணும்? சார்ஜ் இருக்கற வரைக்கும்னு அவர் வாயாலதானே சொன்னாரு? சரி. ரொப்பிக்கிட்டுப் போய், முழுசா அணைச்சு, தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுத் தூங்கறேன். இன்னைக்கு ராத்திரி இதைத் தொடற வேலை அவருக்கு இல்ல. மத்தியானம் வரைக்கும் தாங்குமான்னு நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. தாங்க வைக்கறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எண்பத்திமூணு. சொருகுங்க, சொருகுங்க. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டு நீங்க உங்க வேலையைப் பாருங்க. நூறு ஆகாம நான் எழுந்திருக்க மாட்டேன்.