சாதாளைப் போர்வை

பஸ்ரியன்: …எழுதி வையுங்கோ, ஸரீனா. இந்த மன்னார்த் தீவில நாளைக்கு ஒரு பச்சை இலை மிஞ்சினா, அது எங்கட வீட்டுத்தோட்டச் சங்கத்தாலதான் மிஞ்சும்.

ஸரீனா: தலைவர் அண்ணன், நீங்கள் சங்கத்தில சொன்ன மாதிரிச் செய்துதான் எங்கட மாமியின்ர றோசா கருகுது.

பஸ்ரியன்: …கருகுதோ?

ஸரீனா: இலை நுனியெல்லாம் தீஞ்சு போச்சு. மாமி மக்காவுக்கு உம்றா செய்யப் போகக்குள்ள, பிள்ளையைத் தாற மாதிரி அந்தப் பூச்சாடியளை என்ர கையில தந்திட்டுப் போனவ. வெள்ளிக்கிழமை வந்து இறங்கிறா.

அன்ரோனெற்: மாதாவே! உன்ர மாமியோ… நத்தாருக்கு நான் குடுத்த கேக்கிலயே கல்லுப் பொறுக்கினவ எல்லோ.

ஸரீனா: அதுதான் அக்கா, நித்திரையே இல்லை. போன் எடுத்தா, பேரப்பிள்ளையளைக் கேக்க முதல் றோசாவைக் கேக்கிறா. நானும் பயத்தில… மொட்டு வந்திட்டுது எண்டு சொல்லிப்போட்டன்.

பஸ்ரியன்: பதறாதேங்கோ. நான் மேடையில சொன்னதை ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ. "வெயிலுக்குக் கடல் தந்த போர்வை!" கரையில ஒதுங்கிற சாதாளைப் புல்லை அள்ளி அடியில மூடினனீங்களோ?

ஸரீனா: ஒரு சாண் உயரத்துக்கு.

பஸ்ரியன்: பின்னேரத்தில கிணத்துத் தண்ணி?

ஸரீனா: ஒருநாளும் தவறவிடேல்லை.

பஸ்ரியன்: அப்ப… மனசு வைச்சு ஊத்தேல்லைப் போல.

அன்ரோனெற்: மனசோ! இஞ்சருங்கோ, ஊரில ஆக்கள் சாதாளை போடுறது மாரிக்கு. மழை வந்து அதின்ர உப்பைக் கழுவிப்போடும். இந்த வைகாசி வெயிலில உப்பு எங்க போறது? சாடிக்குள்ளதான் இறங்கும்.

பஸ்ரியன்: நீர் கொஞ்சம்…

ஸரீனா: கழுவிப்போட்டுப் போடச் சொல்லி நீங்கள் சொல்லேல்லையே அண்ணன்!

பஸ்ரியன்: சொல்லத்தான் இருந்தனான். அதுக்குள்ள மைக்கை வாங்கிப்போட்டாங்கள்.

அன்ரோனெற்: உங்களைப் பற்றிச் சொல்லி முடிச்சாப் பிறகுதானே வாங்கினவங்கள்.

ஸரீனா: பொறுங்கோ… அப்ப உங்கட றோசா எப்பிடி? அதே சாதாளை, அதே வெயில். ரெண்டு வளவுக்கும் நடுவில ஒரு மதில்தான். அங்க பாருங்கோ, என்ன சிவப்பு!

பஸ்ரியன்: அது… பராமரிப்பு. நான் அதோட கதைக்கிறனான்.

ஸரீனா: றோசாக் கண்டோடயோ?

அன்ரோனெற்: அது ஒண்டுதானே எழும்பிப் போகாது.

பஸ்ரியன்: நீர் உள்ள போய்த் தேத்தண்ணி ஊத்தும்!

ஸரீனா: தேத்தண்ணி வேண்டாம் அக்கா. தொண்டை காயுது. சும்மா தண்ணி தாங்கோ.

பஸ்ரியன்: தண்ணியோ… இளநி வெட்டட்டே?

ஸரீனா: ஏன் கரைச்சல்? அந்தா, கதிரைக்குப் பின்னால நீலக் கான் அடுக்கிக் கிடக்கு. பில்டர் தண்ணிதானே?

அன்ரோனெற்: அது… வெறுங்கான்.

ஸரீனா: நாலுமோ? நேற்றுத்தானே தண்ணி வண்டி உங்கட படலையில நிண்டது.

பஸ்ரியன்: வெயில்தானே… குடிச்சு முடிஞ்சுது.

ஸரீனா: நீங்கள் ரெண்டு பேரும்… நாலு கானையும்?

அன்ரோனெற்: இந்தா பிள்ளை, இதைக் குடி. கேள்வி கேக்காமல் குடி.

ஸரீனா: …அக்கா! இது உப்புக் கரிக்குது!

பஸ்ரியன்: வெயிலுக்க நடந்து வந்தா நாக்கு அப்பிடித்தான் இருக்கும்.

ஸரீனா: மதில் தாண்டி வந்ததுக்கோ? அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்கோ அண்ணன். மாமி வந்து இறங்கினா முதல் சாடியடிக்குத்தான் போவா. எனக்கு அந்தக் கண்டு பிழைக்கோணும். உங்கட றோசாவுக்கு என்ன செய்யிறீங்கள்?

பஸ்ரியன்: …சங்கத்தில ஒருத்தருக்கும் சொல்லமாட்டீங்கள்தானே?

ஸரீனா: சொல்லமாட்டன்.

பஸ்ரியன்: தலைவர் பதவிக்குக் காத்திருக்கிற றஞ்சிதா ரீச்சருக்கும்?

ஸரீனா: அண்ணன்!

பஸ்ரியன்: அன்ரோனெற்… நீர் சொல்லும்.

அன்ரோனெற்: முதல்ல அந்தச் சாதாளையைத் தூக்கி எறி. பிறகு சாடி அடியால வழிய வழிய உப்பில்லாத நல்ல தண்ணி ஊத்து. நாலு கானும் எங்கட றோசாவுக்குத்தான் போனது, ஸரீனா. நாங்கள் ரெண்டு பேரும் குடிக்கிறது கிணத்துத் தண்ணி.