ஒரே உடலின் இரண்டு சீவல்கள்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். 'எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்' என்று சொல்லாத நாள் இல்லை என்பதால், ஆய்வகத்தில் எனக்கு 'எதுக்கும்' என்றே பெயர். ஆகவே கை தவறியிருக்கும் என்று விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் எனக்காகச் சொல்லும் சமாதானத்தை நான் ஏற்க முடியாது. என் கை தவறவில்லை.

பகலில் திசு வங்கியில் வேலை. இறந்தவர்கள் தானம் தந்த கருவிழிப் படலங்களை நுண்ணோக்கியில் பார்ப்பேன். உட்புறச் செல்கள் தேன்கூடு போல நெருங்கியிருந்தால் அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டும். சந்தேகம் என்றால் ஆராய்ச்சிக்கு. மாலையில் அதே கட்டடத்தின் மேல்மாடியில் எனக்கு ஆராய்ச்சிப் படிப்பு. அங்கே அந்த ஆராய்ச்சியைச் செய்பவளும் நான்தான். தராசு பிடிக்கிற கையே சரக்கையும் வாங்கலாமா என்று பேராசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். "உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?" என்று சிரித்தார்.

சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் கருவிழியின் உட்பக்கத்திலும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இரண்டும் ஒரே நெசவா என்பதே என் கேள்வி. அதற்கு ஒரே உடலின் இரண்டும் வேண்டும், நலமாக. நலமானவை எல்லாம் நோயாளிகளுக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது கழித்துப் போட்டவை. சொத்தைக் காயைக் கையில் கொடுத்துப் பழத்தின் ருசியை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

என் அண்ணி கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். லென்ஸ் மாட்டும் வலது கண்ணில் புண் வந்து படலம் கரைந்துகொண்டே போனது. ஓட்டை விழுவதற்குள் வேறு படலம் தைக்காவிட்டால் கண்ணே போய்விடும் என்றார் மருத்துவர். காத்திருந்தவர்களில் அடுத்த முறை அண்ணியுடையது. பெற்றவளைவிட நன்றாக என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். "நீ பார்த்து அனுப்பினா சரியாத்தான் இருக்கும். நாலு வெண்டைக்காய் பொறுக்கவே அரை நாள் ஆக்குற ஆளாச்சே," என்றார்.

அப்போதுதான் விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் சிறுநீரகம் எங்களிடம் வந்தது. எடுக்கும்போது ரத்தக்குழாய் கிழிந்துவிட்டதால் யாருக்கும் பொருத்த முடியாது. மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தேன். நூல்கண்டு நூல்கண்டாக, பிசிறில்லாத வடிகட்டிகள். சற்று நேரத்தில் அதே இளைஞரின் படலங்கள் இரண்டும் என் மேசைக்கு வந்தன. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பழுக்கில்லாத தேன்கூடு.

இரண்டையும் 'சந்தேகம்' என்று ஒதுக்கினேன். ஒன்று போதாதா என்று கேட்கிறீர்கள். சீவும்போது ஒன்று கிழிந்துவிட்டால்? எதுக்கும் இன்னொன்று இருக்கட்டும். அந்த இன்னொன்று யாருக்குப் போயிருக்க வேண்டியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை.

வீட்டில் அண்ணி, "வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு அண்ணி. சரியில்ல."

"நீ சரியில்லன்னா சரியில்லதான். விடு, அடுத்தது வரும்," என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அடுத்தது வருவதற்குள் ஓட்டை விழுந்தது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

இதற்காக நான் தலைகுனிய மாட்டேன். நெசவு ஒன்றுதான் என்று நிரூபித்தேன். என் ஸ்லைடின் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியவர்கள் நீங்கள். இத்தனை நல்ல படலம் ஆராய்ச்சிக்கு எப்படி வந்தது என்று உங்களில் ஒருவருக்குக் கைதட்டி முடித்த பிறகுதான் தோன்றியது. கறியைத் தின்றுவிட்டுக் கத்தியைத் திட்டாதீர்கள்.

எடுத்த கண்ணும் எங்களிடமே வந்தது. அதையும் நான்தான் சீவினேன். நோயுற்ற படலம் அத்தனை பதமாக எனக்கு முன்பு கிடைத்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதே உடலின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். அண்ணியிடம் கேட்டேன். "உன் படிப்புக்குன்னா எடுத்துக்கம்மா," என்றார். நடந்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை, மனசு நோகும்.

நாளைக் காலை எடுப்பதாக ஏற்பாடு. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அதுவரை மட்டும் பொறுங்கள். அண்ணிக்கு ஊசி என்றால் பயம். கையைப் பிடித்துக்கொள்ள சொந்த மனுஷி ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும்.